கரும்பு போன திசை – 14: குளத்தை நம்பிக் கட்டிய ஆலை

சென்ற வாரம் கரீபியன் கடலில், குவாதலூப் தீவின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில் நின்றோம். 1869இல் புகைய ஆரம்பித்து 1980இல் அணைந்த தார்பூசியே சீனி ஆலையின் நிலத்தில், 2015இல் அடிமை முறைக்கு ஒரு நினைவகம் எழுந்த கதையைப் பார்த்தோம். அதற்கும் முந்திய காலத்து ஆலைகளில், கரும்பு அரைக்கும் உருளைகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடரி தயாராக இருக்கும். இரவெல்லாம் கண்விழித்து வேலை செய்யும் அடிமையின் கை கரும்போடு உருளைக்குள் போய்விட்டால், ஆள் முழுதாகப் போவதற்குள் கையை வெட்டிவிடுவதற்கு.

1848இல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆளில்லை. 1854 டிசம்பரில் ‘ஒரேலி’ என்ற கப்பல் தமிழகக் கரையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் அங்கே இறக்கியது. அவர்களின் சந்ததி இன்றும் அந்தத் தீவில் மாரியம்மனுக்குக் கிடாய் வெட்டுகிறது.

இந்த வாரம் கடல் தாண்ட வேண்டாம். நிலாவெளியில் பஸ் ஏறி, திருகோணமலையில் இறங்கி மாறி, கண்டி வீதியில் ஒரு மணித்தியாலம் போனால் போதும். கந்தளாய் வந்துவிடும்.

தயிர்ச் சட்டிகள் அடுக்கிய கடைகளைத் தாண்டுகிற பயணிகள் பலருக்கு, இங்கே ஒரு சீனி ஆலை இருந்தது தெரியாது. அதன் பெயரைச் சுமந்துகொண்டு சீனிபுர என்று ஒரு குடியிருப்பு மட்டும் இருக்கிறது. நிலாவெளியில் உப்பு விளைகிறது. அதே மாவட்டத்தில் ஒரு காலத்தில் சீனியும் விளைந்தது என்று சொன்னால் இளம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

*

கந்தளாய்க்குள் போகுமுன் கடலைப் பார்த்து ஒரு தகவல். திருகோணமலைக்கு இந்தச் சீனிக் கதையில் பழைய பங்கு ஒன்று உண்டு.

1782 ஏப்ரல் 12. திருகோணமலைக்குத் தெற்கே, கரையிலிருந்து பார்க்கும் தூரத்தில், சஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பல்களும் மோதிக்கொண்டன. யார் வென்றார் என்று சொல்ல முடியாத சண்டை. பிராவிடியன் சண்டை என்று அதற்குப் பெயர்.

அதே 1782. அதே ஏப்ரல் 12. உலகத்தின் மறுபக்கத்தில், குவாதலூப்புக்கும் டொமினிக்காவுக்கும் நடுவே, அதே இரண்டு நாடுகளின் வேறு இரண்டு கடற்படைகள் மோதின. அங்கே ஆங்கிலேயத் தளபதி றொட்னி வென்றான். பிரெஞ்சுத் தளபதி டி கிராஸ் பிடிபட்டான். ஜமெய்க்கா என்ற சீனித் தீவு ஆங்கிலேயர் கையிலிருந்து நழுவாமல் தப்பியது.

ஒரே நாளில் இரண்டு சண்டை நடந்தது தற்செயல். ஆனால் இரண்டும் ஒரே யுத்தத்தின் பாகங்கள். மேற்கே அவர்கள் காத்தது சீனியை. கிழக்கே தேடியது, புயற்காலத்தில் கப்பல் ஒதுங்க ஒரு துறைமுகத்தை. அந்த ஆகஸ்ட் முடிவில் சஃப்ரன் திருகோணமலையைப் பிடித்தான். மறு ஆண்டுச் சமாதானத்தில் அது ஒல்லாந்தர் கைக்குத் திரும்பியது. துறைமுகம் கைமாறிக்கொண்டே இருந்தது. கரும்பு மட்டும் இந்தக் கரைக்கு வரவில்லை.

*

ஏன் வரவில்லை?

வெள்ளைக்காரன் முயலாமல் விட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பேராதனையில் நட்டார்கள், தும்பறையில் நட்டார்கள், காலிப் பக்கம் பத்தேகமவில் நட்டார்கள். கரும்பு வளர்ந்தது. சாற்றில் சீனிதான் குறைவு. ஓயாத மழையும் மேகமூட்டமும் உள்ள இடத்தில் கரும்பு நெட்டையாக வளரும், முற்றி இனிப்பேறாது. அதற்கு வெயில் வேண்டும். அறுவடைக்கு முன் சில வாரம் காய்ச்சல் நிலம் வேண்டும்.

அதற்குச் சற்று முன்பே கரீபியனிலிருந்து வேறொரு சரக்கு வந்துவிட்டது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1838இல் அடிமைகள் முழு விடுதலை பெற்றார்கள். ஜமெய்க்காவில் கோப்பித் தோட்டங்கள் விழுந்தன. 1835இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே தீர்வை என்றானது. 1837இல் றொபேட் போய்ட் டைட்லர் என்ற துரை ஜமெய்க்காவில் கற்ற கோப்பிச் செய்கை முறையைக் கண்டிக்குக் கொண்டுவந்தான்.

ஆக, தமிழ்நாட்டிலிருந்து குவாதலூப்புக்கும் மொறீசியசுக்கும் போனவர்கள் கரும்பு வெட்டினார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் மலையேறிக் கோப்பி பறித்தார்கள், பிறகு தேயிலை. மலையகத் தமிழரின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் பஞ்சத்தையும் கங்காணியையும் சொல்லுமளவுக்கு ஜமெய்க்காவைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். அங்கே விலங்கு அவிழ்ந்ததால்தான் இங்கே லயம் கட்டினார்கள்.

கரும்பு மேலும் நூறு வருடம் காத்திருந்தது.

*

1956 ஏப்ரல். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமரானார்.

புதிய அரசு சோசலிச நாடுகளின் பக்கம் கதவைத் திறந்தது. செக்கோஸ்லோவாக்கியாவோடு பொருளாதார ஒத்துழைப்புக்கு உடன்பாடு வந்தது. செக் நாட்டவர் சீனி ஆலை கட்டுவதில் பேர்போனவர்கள். அவர்கள் ஊரில் கரும்பு கிடையாது. பீட்கிழங்கில் சீனி எடுப்பவர்கள். ஆனாலும் உருளை, கொதிகலன், வெற்றிடக் கலம் எல்லாம் வார்த்துக் கொடுக்கத் தெரியும்.

1957 ஒக்டோபரில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் திருப்பிக் கொடுத்தார்கள். துறைமுக வேலையை நம்பியிருந்த குடும்பங்கள் கையைப் பிசைந்து நின்ற காலம் அது. அதே மாவட்டத்தில், உள்நாட்டுப் பக்கமாக, இரும்புத் தூண்கள் எழுந்தன. 1960இல் கந்தளாய் சீனித் தொழிற்சாலை வந்தது. அம்பாறைப் பக்கம், கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பி, ஹிங்குராணை ஆலையும் ஏறக்குறைய அதே நேரத்தில் எழுந்தது.

கந்தளாயை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குப் பதில் ஒன்றுதான். குளம்.

அந்தக் குளம் ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று சூளவம்சம் சொல்கிறது. குளக்கோட்டன் கட்டியது என்று கோணேசர் கல்வெட்டும் திருகோணமலைத் தமிழரின் நம்பிக்கையும் சொல்கின்றன. கோணேசர் கோயிலுக்கு நெல் விளையும் தம்பலகாமத்து வயலுக்கு நீர் பாய அவன் வெட்டினான் என்பது கதை. யார் கட்டினாலும், சுமார் 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் உள்ள அணைக்கட்டு அது. பாழடைந்து கிடந்ததை ஆங்கிலேயர் 1870களில் மீளக் கட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது. குளத்து நீரோடு குடியேற்றமும் வந்தது. 1950களில் கந்தளாயிலும் அல்லையிலும் அரசு தெற்கிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து காணி கொடுத்தது. மாவட்டத்தின் குடிசனக் கணக்கு மாறுகிறது என்று தமிழரசுக் கட்சி குரல் எழுப்பியது. 1957 ஜூலையில் எழுதப்பட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தில் குடியேற்றத்துக்கு ஆள் தெரிவு செய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்குக் கொடுப்பதும் ஒரு பிரிவு. மறு வருடமே ஒப்பந்தம் கிழிந்தது. ஆலை எழுந்தது இந்தச் சூட்டுக்குள்தான். அதனால் நம்மவரில் பலருக்கு அது ‘அவர்களுடைய ஆலை’யாகவே இருந்தது. நான் அதை மறுக்க வரவில்லை. ஆனால் அது செத்த காரணம் வேறு.

*

ஆலைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்ப்போம்.

கரும்பு வாசலுக்கு வருகிறது. கத்திகள் துண்டாக்கும், உருளைகள் நசுக்கும். சாறு ஒரு பக்கம், சக்கை மறுபக்கம். சாற்றில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கினால் அழுக்கு அடியில் தங்கும். தெளிந்த சாறு கலத்துக்குக் கலம் மாறி, பாகாகக் குறுகும். கடைசியில் வெற்றிடக் கலம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் பாகு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், கருகாது.

அந்தக் கலத்தின் பக்கத்தில் ஓர் ஆள். எல்லாச் சீனி ஆலையிலும் அவனுக்குத் தனி மதிப்பு. ஒரு சிறு குழாயால் கலத்திலிருந்து கொஞ்சம் பாகை இழுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பான். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உருட்டுவான். மணி கட்டியிருக்கிறதா, நெருநெருவென்று வருகிறதா, இன்னும் பாகு விட வேண்டுமா? மானிகள் பல பொருத்தியிருந்தாலும் விரல் சொல்வதே முடிவு. பதம் வந்ததும் கலத்தைத் திறந்து விடுவார்கள். சுழல் எந்திரம் பாகைப் பிரித்துத் தள்ள, சுவரில் வெள்ளைச் சீனி ஒட்டி நிற்கும்.

நூறு தொன் கரும்புக்கு எட்டு, ஒன்பது தொன் சீனி. சுமார் முப்பது தொன் சக்கை. அந்தச் சக்கைதான் கொதிகலனுக்கு விறகு. கரும்பு தொடர்ந்து வந்தால் ஆலை தன் அடுப்பைத் தானே எரித்துக்கொள்ளும். வராவிட்டால் விறகோ எண்ணெயோ காசு கொடுத்து வாங்க வேண்டும்.

சீனித் தொழிலின் கழுத்து இங்கேதான் இருக்கிறது. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைக்க வேண்டும். தள்ளிப்போனால் தண்டிலேயே சீனி கெடும். அறுவடைக் காலம் முழுவதும் இரவு பகலாகக் கரும்பு வந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் ஆலை வெட்டுக்காரனுக்கு ஓய்வு கொடுக்காது. கரீபியனில் சவுக்கு தேவைப்பட்டதும் அதனால்தான்.

கந்தளாயில் சவுக்கு இல்லை. சுதந்திர நாட்டு விவசாயி, தனக்கு எது லாபமோ அதை நடுவான்.

*

அவன் நெல்லை நட்டான்.

கணக்கு எளிது. நெல்லுக்கு நாலு மாதத்தில் காசு. கரும்புக்கு ஒரு வருடம். நெல்லை விற்க முடியாவிட்டால் பானையில் போடலாம்; கரும்பை ஆலையைத் தவிர வேறு எவனும் வாங்கமாட்டான்.

நீரின் கணக்கு இன்னும் கடினமானது. இந்தப் பக்கத்து மழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடையோடு வருவது. மேயிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று அடித்து மண்ணைப் பொரித்துவிடும். பன்னிரண்டு மாதம் நிலத்தில் நிற்கும் கரும்புக்கு அந்த மாதங்களில் குளத்து நீர் இல்லாமல் முடியாது. சிறுபோக நெல்லும் அதே மாதங்களில் அதே துருசைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நெல்லா கரும்பா என்று கேள்வி வந்தால் சோற்றுக்கு எதிராக வாய் திறக்க இந்த நாட்டில் எந்த அரசியல்வாதிக்கும் துணிவு வராது. மின்னேரியா, கவுடுல்ல வழியாக வரும் வாய்க்கால் குளத்தை நிரப்பும் ஆண்டுகளில் இரண்டும் பிழைத்தன. நிரம்பாத ஆண்டுகளில் கரும்பு வாடியது. ஆலைக்குப் போதிய கரும்பு வரவில்லை. வந்ததிலும் சீனி குறைவு. இரும்பை வாங்கிப் பொருத்தியவர்கள் நீரைப் பங்கிட்டு வைக்க மறந்தார்கள் என்பேன்.

ஆனாலும் ஒரு காலம் வந்தது, கந்தளாய்ச் சீனிக்கு மவுசு ஏறிய காலம். 1974 நவம்பரில் உலகச் சந்தையில் சீனி இறாத்தல் 60 அமெரிக்க சதத்தைத் தாண்டியது. அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் கடையில் சீனி அளந்து கொடுத்தார்கள். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்த வருடங்களில் உள்ளூர் ஆலையின் ஒவ்வொரு மூட்டைக்கும் தங்கத்தின் மதிப்பு.

1977இல் ஆட்சி மாறியது. சந்தை திறந்தது. கப்பலில் மலிவுச் சீனி வந்து இறங்கியது. கந்தளாயின் மவுசு இறங்கியது.

*

1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை. சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம்.

அதிகாலை மூன்று மணி. ஊர் தூங்குகிறது.

பதின்மூன்று நூற்றாண்டு பழைய அந்த அணைக்கட்டு உடைந்தது.

கீழே இருந்த கிராமங்களுக்கு எச்சரிக்கை கொடுக்க நேரமில்லை. நீர் சுவராக வந்தது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். 1,600க்கும் அதிகமான வீடுகள் போயின. 2,000 ஏக்கர் நெல் அழிந்தது. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. கட்டின் மேலே கனரக வாகனங்கள் ஓடியது முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. நீரைத் தடுக்கக் கட்டிய மண்கட்டை வீதியாக்கினால் என்ன ஆகும் என்று யாரும் நின்று கேட்கவில்லை.

கட்டை மறுபடி கட்டினார்கள். குளம் மறுபடி நிறைந்தது. நெல் மறுபடி விளைந்தது.

ஆலைக்கு அந்த வேகத்தில் எழ முடியவில்லை. வெள்ளத்துக்கு முன்பே அது நோயாளி. கிழக்கில் யுத்தம் மூண்டிருந்தது. கண்டி வீதியில் சோதனைச் சாவடிக்குச் சோதனைச் சாவடி லொறிகள் நின்றன. கொழும்பில் அரசுக் கூட்டுத்தாபனங்களைக் கம்பனிகளாக்கி விற்கும் காலம் தொடங்கியிருந்தது. நட்டத்தில் ஓடும் ஆலையை யுத்த பூமியில் யார் வாங்குவார்?

1993இல் கந்தளாய் ஆலை மூடப்பட்டது. முப்பத்து மூன்று வருட ஆயுள்.

*

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆலை திறக்கப்படும் என்ற செய்தி அதன் பிறகு தேர்தலுக்குத் தேர்தல் வந்தது. வெளிநாட்டு முதலீட்டோடு புதுப்பிக்க ஒப்பந்தமும் போட்டார்கள். பழைய இரும்பைப் பற்றிய தகராறுதான் மிஞ்சியது, சீனி வரவில்லை.

கரீபியனிலும் ஆலைகள் செத்தன. சென் கிற்ஸ் தீவு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் செய்த சீனித் தொழிலை 2005இல் நிறுத்தியது. கரும்பு இழுத்த ரயிலில் இன்று சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். தார்பூசியே நினைவகமானது. நிலாவெளிக்குக் கடல் பார்க்க வரும் வெளிநாட்டார் புறாத்தீவுக்குப் படகில் போகிறார்கள், கோணேசர் மலை ஏறுகிறார்கள். அவர்களைக் கந்தளாய்க்கு அழைத்துப்போய்க் காட்ட அங்கே ஒரு பெயர்ப்பலகையாவது வேண்டாமா? மாவட்டத்தின் தொழில் வரலாற்றில் இத்தனை பெரிய பக்கத்தைப் பழைய இரும்பு வியாபாரத்துக்கு விட்டுவிட்டோம்.

இன்று இலங்கை குடிக்கும் தேத்தண்ணியில் கரையும் சீனியில் பத்தில் ஒரு பங்களவுதான் உள்நாட்டில் விளைகிறது. மீதி கப்பலில் வருகிறது. 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதி வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 25 சதமாக இறக்கினார்கள். கடையில் அந்த அளவுக்கு விலை இறங்கவில்லை. திறைசேரிக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்று கணக்கிட்டார்கள். இறக்குமதியில் இப்படி ஒரு லாபம் கிடைக்கும்போது உள்ளூர் ஆலை ஓட வேண்டும் என்று யார் ஆசைப்படுவார் என்று கேட்கத் தோன்றுகிறது. அது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும்.

முடியவில்லை. ஏனென்றால் ஹிங்குராணை இருக்கிறது.

அதுவும் அதே காலத்து ஆலை. அதுவும் குளத்து நீரை நம்பியது. அதுவும் யுத்தம் நடந்த மாகாணத்தில் நின்றது, நட்டத்தில் ஓடியது, மூடப்பட்டது. ஆனால் அரசும் தனியாரும் சேர்ந்த கம்பனியாக அது மறுபடி எழுந்தது. இன்று அங்கே கரும்பு அரைபடுகிறது.

கல்லோயா விவசாயிக்குக் கரும்பு கட்டுப்படியாகிறது, கந்தளாய் விவசாயிக்கு ஏன் ஆகவில்லை? நீரா, நிலமா, விலையா, அல்லது ஆலையில் சீனியைவிட வேறு எதையோ வடித்து விற்கிறார்களா? அடுத்த வாரம் அம்பாறைக்குப் போய்க் கேட்போம்.

(தொடரும்)